பத்திரம் எரிந்தது, வரிப்பட்டியல் எரியவில்லை

அமெரிக்கரை மணந்து பன்னிரண்டு ஆண்டுகளாகக் கென்டக்கி மாநிலத்தில் வாழும் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மாமியாருக்கு வயது 78. பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பைபிளின் முதல் பக்கத்தில் 'வில்லியம், பக்கிங்ஹாம், வர்ஜீனியா' என்று மட்டும் எழுதியிருக்கிறது. இந்த வில்லியம், மாமியாருடைய தாத்தாவுக்குக் கொள்ளுத்தாத்தா. இங்கிலாந்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் கப்பலேறி வந்தார்கள், ராஜா நிலம் கொடுத்தார், வில்லியம் அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்டார், வீட்டில் அடிமைகள் இருந்ததே இல்லை என்பவை அந்தக் குடும்பம் வழிவழியாகச் சொல்லிவரும் செய்திகள். கண்பார்வை முழுதும் மங்குவதற்குள் வில்லியமின் தகப்பனார் யார் என்று தெரிந்துகொள்ள மாமியார் ஆசைப்படுகிறார்.

சகோதரி ஓராண்டாகத் தேடியிருக்கிறார். பக்கிங்ஹாம் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) வரிப்பட்டியலில் வில்லியம் 1789-இல் முதன்முதலாகத் தன் பெயரில் வருகிறார். 1799-க்குப் பிறகு அங்கே இல்லை. 1810 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கென்டக்கியின் ஆடேர் கவுண்டியில் இருக்கிறார், 1840 வரை அங்கேயே காணப்படுகிறார். 1790 கணக்கெடுப்பில் எங்கும் இல்லை. பக்கிங்ஹாமில் அதே குடும்பப் பெயரோடு ஜான், தாமஸ் என்று இருவர் இருந்திருக்கிறார்கள். இணையத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட வம்சாவளி மரங்கள் ஜானே தகப்பன் என்கின்றன. ஆனால் 1787 வரிப்பட்டியலில் தாமஸின் வரியில் 16 முதல் 21 வயது வரையுள்ள ஆண் ஒருவர் காட்டப்பட்டிருக்கிறார். ஜானின் வரியில் யாரும் இல்லை. அதே பட்டியலில் தாமஸுக்கு நேரே, பதினாறு வயதுக்கு மேற்பட்ட கறுப்பின அடிமைகள் பத்தியில் '2' என்ற எண்ணும் இருக்கிறது. ஆடேர் பட்டியலில் 1811-இல் 'வில்லியம் ஜூனியர்' என்று ஒருவர் வருவது குழப்பத்தைக் கூட்டியிருக்கிறது. முழு வம்சாவளியும் குடும்பச் சின்னமும் தயாரித்துத் தர ஒரு நிறுவனம் 3,000 டாலர் கேட்கிறது. கொடுக்கலாமா, அந்த '2' என்ற எண்ணை மாமியாரிடம் சொல்லலாமா என்பவை கடிதத்தின் கடைசிக் கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் அப்பா பத்திர எழுத்தராக இருந்தவர் என்று கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தேடலில் உங்களுக்கு உள்ள பெரிய பலம் அதுதான். தாய்ப்பத்திரம் இல்லாமல் எந்தப் பத்திரத்தையும் நம்பக் கூடாது, நான்கெல்லையில் வரும் பெயர்களை வாசிக்காமல் விடக் கூடாது என்று கேட்டே வளர்ந்திருப்பீர்கள். பழைய வர்ஜீனியாவில் ஒரு மனிதரைத் தேடுவதும் அப்படித்தான். அவர் பெயரை மட்டும் துரத்தினால் அதே பெயரில் பத்துப் பேர் எதிரே வந்து நிற்பார்கள். அவருடைய நிலம், வரி, அக்கம்பக்கத்தார் ஆகியவற்றைப் பின்தொடர்ந்தால் அவர் ஒருவரே மிஞ்சுவார்.

1790-இல் பெயர் இல்லாதது

வில்லியம் அப்போது அமெரிக்காவில் இல்லையோ, தலைமறைவாக இருந்தாரோ என்றெல்லாம் கவலைப்பட்டிருக்கிறீர்கள். அவர் இல்லாமல் போகவில்லை, ஏடுதான் இல்லை. நாட்டின் முதல் கணக்கெடுப்பான 1790 பதிவேடுகளில் வர்ஜீனியாவுக்கு உரியவை இன்று கிடைப்பதில்லை. கென்டக்கிக்கு உரியவையும் இல்லை. 1800 கணக்கெடுப்பிலும் வர்ஜீனியாவில் இரண்டு கவுண்டிகள்தான் தப்பின, கென்டக்கி முழுவதும் போய்விட்டது. 'வர்ஜீனியா 1790' என்ற தலைப்போடு அச்சில் கிடைப்பது, 1782 முதல் 1785 வரை மாநிலமே எடுத்த பட்டியல்களை வைத்துப் பிற்காலத்தில் தொகுத்த மாற்று நூல். அந்த ஆண்டுகளில் வில்லியம் தனிக் குடும்பத் தலைவராக இருந்திருக்க வயதில்லை.

ஏடு தப்பியிருந்தாலும் பெரிதாக உதவியிருக்காது. 1840 வரையிலான கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும், மற்றவர்கள் வயதுக் கட்டங்களில் வெறும் எண்ணிக்கை. அடிமைத்தளையில் இல்லாத ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எழுதியது 1850-இல்தான். தலைவருக்கு இவர் என்ன உறவு என்று கேட்கத் தொடங்கியது 1880-இல். ஆகவே 1810 ஆடேர் பக்கத்தில் வில்லியம் வீட்டிலிருந்த பையன்கள் எல்லாரும் அவர் மகன்கள் என்றும், 45 வயதுக்கு மேற்பட்ட பெண் அவர் மனைவி என்றும் நீங்கள் எடுத்துக்கொண்டது அவசரம். அந்தப் பெண் அவருடைய தாயாகவோ விதவைச் சகோதரியாகவோ இருக்கலாம். பையன்களில் ஒருவன் தொழில் கற்க வந்தவனாகவும் இருக்கலாம். எண்ணுக்கு உறவு தெரியாது.

1850 பதிவேட்டை நீங்கள் நன்றாகப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். மூத்த மகன் 52 வயது, பிறந்தது வர்ஜீனியா. அடுத்த மகள் 48 வயது, பிறந்தது கென்டக்கி. அப்படியானால் குடும்பம் 1798-க்கும் 1802-க்கும் இடையே அப்பலாச்சியன் மலையைத் தாண்டிக் கென்டக்கிக்கு வந்திருக்கிறது. வயதில் ஓரிரண்டு ஆண்டு முன்பின் இருக்கலாம் என்றாலும், 1799-க்குப் பிறகு பக்கிங்ஹாமில் வில்லியம் இல்லை என்பதோடு இது அழகாகப் பொருந்துகிறது. 1801-க்கு முன் ஆடேரில் ஏன் காணோம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆடேர் என்ற கவுண்டியே அந்த ஆண்டில்தான் கிரீன் கவுண்டியிலிருந்து பிரிக்கப்பட்டது. தஞ்சாவூர் மாவட்டப் பழைய பதிவுகளை நாகப்பட்டினம் அலுவலகத்தில் தேடினால் கிடைக்குமா? 1799, 1800, 1801 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கும் கிரீன் கவுண்டி வரிப்பட்டியலைப் பாருங்கள். வில்லியம் ஓர் அடிகூட நகராமல் கவுண்டி மாறியிருக்கலாம்.

தகப்பன் யார்

பக்கிங்ஹாம் நீதிமன்றக் கட்டடம் 1869-இல் தீப்பற்றி எரிந்தது. தாமஸ் ஜெஃபர்சன் வரைந்த வடிவில் எழுந்த கட்டடம் அது. பத்திரங்கள், உயில்கள், நீதிமன்ற உத்தரவுகள் என்று தலைமுறைகளின் எழுத்து ஒரே இரவில் சாம்பலானது. அந்தக் கவுண்டியில் வேர் உள்ள எத்தனையோ குடும்பங்கள் தேடல் இதோடு முடிந்தது என்று கைவிட்டதைப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் வலிக்கும். ஏனென்றால் வழி இருந்தது. 1782 முதல் வர்ஜீனியாவில் நிலவரிக்கு ஒரு பட்டியலும், ஆட்கள், குதிரை, மாடு போன்றவற்றுக்கு இன்னொரு பட்டியலும் ஆண்டுதோறும் தயாரானது. ஒரு பிரதி தலைநகர் ரிச்மண்டுக்குப் போனது. பக்கிங்ஹாமில் பற்றிய நெருப்பு ரிச்மண்டிலிருந்த பிரதியைத் தொடவில்லை. அவை இன்று வர்ஜீனியா மாநில நூலகத்தில் இருக்கின்றன. மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்த படங்களை ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தேடல் தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

கணக்கெடுப்பு பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். வரி வசூலிப்பவர் ஆண்டுதோறும் வாசலுக்கு வருவார். நம் ஊரில் அடங்கல் புத்தகத்தைப் பத்து ஆண்டுகளுக்குத் தொடர்ந்து புரட்டினால் ஒரு குடும்பத்தின் ஏற்ற இறக்கம் முழுவதும் தெரிவதைப் போல, இந்தப் பட்டியல்களையும் வரிசையாக வாசிக்க வேண்டும். நீங்கள் 1787-ஐ மட்டும் தனியே எடுத்துப் பார்த்திருக்கிறீர்கள். அந்த ஆண்டுப் பட்டியல் மிக விரிவானது, 16 முதல் 21 வரையுள்ள ஆண்களுக்குத் தனிப் பத்தி அதில் உண்டு. அடுத்த ஆண்டிலிருந்து பதினாறுக்கு மேற்பட்ட வெள்ளை ஆண்கள் எல்லாரும் ஒரே எண்ணிக்கைக்குள் வந்துவிடுகிறார்கள். 1788-இல் தாமஸுக்கு நேரே 2 என்று இருந்து, வில்லியம் தன் பெயரில் நுழையும் 1789-இல் அது 1 ஆகக் குறைகிறதா? அதே இரண்டு ஆண்டுகளில் ஜானின் எண்ணிக்கை மாறாமல் நிற்கிறதா? முதலில் இதைப் பாருங்கள்.

குறைந்திருந்தால், தாமஸ் வீட்டிலிருந்து வெளியேறியவர் வில்லியம் என்று கருத நல்ல இடம் இருக்கிறது. அப்போதும் 'மகன்' என்று எழுதிவிடாதீர்கள். தம்பி மகனாக இருக்கலாம், தகப்பனை இழந்து தாமஸிடம் வளர்ந்த பையனாகவும் இருக்கலாம். 1789-இல் 21 வயது நிரம்பியதால் தன் பெயரில் வந்தார், எனவே 1768-இல் பிறந்தார் என்ற உங்கள் கணக்கும் உத்தேசம்தான். ஆதரவற்ற இளைஞன் அதற்கு முன்பே தனியாகப் பட்டியலில் ஏறுவதுண்டு.

உறவை உறுதிப்படுத்த நிலவரிப் பட்டியலுக்குப் போங்கள். நிலம் கைமாறினால் யாரிடமிருந்து யாருக்கு, எத்தனை ஏக்கர் என்ற குறிப்பு பெரும்பாலும் அங்கே எழுதப்படும். தாமஸ் பெயர் என்றைக்குத் 'தாமஸ் எஸ்டேட்' (இறந்த தாமஸ் விட்டுச்சென்ற சொத்து) என்று மாறுகிறது? அதன்பின் அந்த நிலம் எத்தனை துண்டாகிறது, ஒரு துண்டு வில்லியம் பெயரில் விழுகிறதா, 1799-ஐ ஒட்டி அவர் அதை விற்கிறாரா? இங்கே ஒரு சட்டத் தேதி முக்கியம். 1787 ஜனவரி 1 வரை, உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் வர்ஜீனியாவில் நிலம் மூத்த மகனுக்கே போனது. அதற்குப் பிறகு பிள்ளைகள் எல்லாருக்கும் சமபங்கு, விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு ஆயுள் அனுபவம். தாமஸ் அந்தத் தேதிக்குப் பிறகு இறந்து, நிலம் சம துண்டுகளாகப் பிரிந்து, அவற்றில் ஒன்று வில்லியமிடம் வந்திருந்தால், பாகப்பிரிவினைப் பத்திரம் எரிந்துபோனாலும் அதன் நிழல் உங்கள் கையில் இருக்கிறது.

அந்த நாற்பது மரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நாற்பது பேர் தனித்தனியே ஆராய்ந்து ஜான் என்று கண்டுபிடிக்கவில்லை. ஒருவர் ஊகித்து எழுதினார், மற்றவர்கள் நகலெடுத்தார்கள். ஏதாவது ஒரு மரத்திலாவது மூலப் பதிவு காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நாற்பதும் சேர்ந்து ஒரு சாட்சிகூட ஆகாது. அதற்காக ஜானை இன்றே தள்ளிவிடவும் வேண்டாம். பட்டியல்களை வாசித்து முடிக்கும்வரை இருவரும் களத்தில் இருக்கட்டும்.

அண்டை வீட்டாரும் 'ஜூனியரும்'

வரிப்பட்டியலில் பல ஆண்டுகளுக்கு ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு தேதி இருக்கும், வசூலிப்பவர் அந்த வீட்டுக் கணக்கை எழுதிய நாள். அகர வரிசையில் பெயர்கள் சிதறிக் கிடந்தாலும், ஒரே தேதியுள்ளவர்களைத் திரட்டினால் ஒரு தெருவே எழுந்து வரும். 1799-க்கு முந்தைய பட்டியலில் வில்லியமின் தேதியோடு வருபவர்கள் யார் என்று குறித்துவையுங்கள். பிறகு கென்டக்கிப் பட்டியலைத் திறங்கள். அங்கே நிலம் எந்த ஓடையின் கரையில் இருக்கிறது, முதலில் யார் பெயரில் பதிவானது, யார் பெயரில் அளக்கப்பட்டது, யாருக்குப் பட்டா கிடைத்தது என்பதற்கெல்லாம் தனித்தனிப் பத்திகள் உண்டு. உங்கள் வில்லியம் ரஸ்ஸல் ஓடைக் கரையில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதே ஓடைக் கரையில் பக்கிங்ஹாம் அண்டை வீட்டார் பெயர்கள் தென்படுகின்றனவா? அந்தக் காலத்தில் யாரும் தனியாக மலை தாண்டவில்லை. மைத்துனர், பங்காளி, ஒரே தேவாலயத்தார் என்று கூட்டமாகவே போனார்கள். தாமஸின் பக்கத்து வீட்டார் ஆடேரிலும் வில்லியமின் பக்கத்து வீட்டாராக இருந்தால் தாமஸின் பக்கம் தராசு மேலும் சாயும்.

1811-இன் 'வில்லியம் ஜூனியர்' உங்கள் வில்லியமின் மகன் அல்ல. மூத்த மகனே பிறந்தது 1798-ஐ ஒட்டி, 1811-இல் அவனுக்குப் பதின்மூன்று வயது. தன் பெயரில் எப்படி வரி கட்டுவான்? அந்தக் காலத்தில் சீனியர், ஜூனியர் என்பவை ஒரே ஊரில் ஒரே பெயருள்ள இருவரில் மூத்தவரையும் இளையவரையும் பிரித்துச் சொல்லப் பயன்பட்டவை. நம் ஊரில் பெரிய முருகேசன், சின்ன முருகேசன் என்கிறோமே, அதேதான். மூத்தவர் இறந்தாலோ ஊர் மாறினாலோ நேற்றைய ஜூனியர் இன்று சீனியர் ஆகிவிடுவார். இந்த இளைய வில்லியம் அண்ணன் மகனாக இருக்கக்கூடும். அவரையும் ஆண்டு ஆண்டாகத் தொடருங்கள், பங்காளிகள் யார் என்பதை அவர் காட்டிக்கொடுக்கலாம்.

வில்லியமின் மனைவி பெயர் தெரியவில்லை என்று வருந்தியிருக்கிறீர்கள். ஆடேர் பத்திரப் புத்தகங்களில் அவர் நிலம் விற்ற பத்திரத்தைத் தேடுங்கள். கணவர் நிலத்தை விற்றால், மனைவிக்கு அதிலுள்ள மூன்றில் ஒரு பங்கு உரிமையை அவரே விட்டுக்கொடுக்க வேண்டும். கணவர் இல்லாத இடத்தில் அவரைத் தனியே விசாரித்து, சம்மதம் கேட்டுப் பதிவார்கள். பெண்களின் பெயர் அரிதாகவே எழுதப்பட்ட காலத்தில் அது எழுதப்பட்ட இடங்களில் ஒன்று இது. ஒரு டாலருக்கோ 'இயல்பான அன்பினாலும் பாசத்தினாலும்' என்ற காரணத்தாலோ நிலம் எழுதிக் கொடுத்திருந்தால் அதைத் தனியே எடுத்துவையுங்கள். பெரும்பாலும் பெற்ற பிள்ளைக்கு எழுதிய தானப் பத்திரமாக இருக்கும்.

ராஜா, போர், அந்த '2'

ராஜா நிலம் கொடுத்தார் என்பது வடிவத்தில் உண்மை. விடுதலைக்கு முன் வர்ஜீனியாவின் பெரும்பகுதியில் நிலப் பட்டா அரசர் பெயரால்தான் வழங்கப்பட்டது. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டில் பெரும்பாலோர் ஐம்பது ஏக்கருக்கு ஐந்து ஷில்லிங் கட்டி வாங்கினார்கள், அதற்குமேல் ஆண்டு வரியும் கட்டினார்கள். மூன்று சகோதரர்கள் கதை அமெரிக்காவில் பாதிக் குடும்பங்கள் சொல்வது, பதிவு கிடைக்கும்வரை ஓரமாக வையுங்கள். போர் விஷயத்தில், யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்த 1781 அக்டோபரில் வில்லியமுக்கு உங்கள் கணக்குப்படி பதின்மூன்று வயது. 1840 கணக்கெடுப்பில் போர் ஓய்வூதியம் பெறுவோரின் பெயரும் வயதும் தனியே எழுதப்பட்டன. அவர் அதில் இருக்கிறாரா என்று பாருங்கள், இருந்தால் விடை தெரிந்துவிடும். தாமஸ் பெயரை வேறோர் இடத்தில் தேடுங்கள். படைக்கு மாட்டிறைச்சி, சோளம், வண்டி கொடுத்தவர்களின் இழப்பீட்டுக் கோரிக்கைகள் ரிச்மண்டிலுள்ள அதே மாநில நூலகத்தில் இருக்கின்றன. விடுதலைப் போர் வழித்தோன்றல் மகளிர் சங்கத்தில் சேர மாமியார் விரும்பினால் அத்தகைய உதவியும் ஏற்கப்படும்.

இனி அந்த எண். பதினாறு வயதுக்கு மேற்பட்ட இருவரைத் தாமஸ் உடைமையாக வைத்திருந்தார். பட்டியல் சொல்வது அதுதான். 'எழுத்தர் பிழையாக இருக்குமோ' என்று கேட்டிருக்கிறீர்கள். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே பத்தியைப் பாருங்கள், விடை அங்கேயே இருக்கும்.

அந்த இருவரின் சந்ததியார் இன்று தங்கள் முன்னோரைத் தேடிக்கொண்டிருக்கலாம். அவர்கள் முட்டி நிற்கும் சுவர் 1870. கறுப்பின மக்கள் ஏறக்குறைய எல்லாரும் பெயரோடு எழுதப்பட்ட முதல் கணக்கெடுப்பு அது. 1850, 1860 அடிமைப் பதிவேடுகளில் உடைமையாளர் பெயர் இருக்கும், அவருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டுமே இருக்கும். கென்டக்கியில் அடிமைமுறை 1865 டிசம்பரில், அரசமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தால்தான் முடிந்தது. சுவருக்கு அப்பாலுள்ள பெயர்கள் உடைமையாளர் வீட்டுத் தாள்களில்தான் இருக்கின்றன: உயிலில், சொத்து மதிப்பீட்டில், தானப் பத்திரத்தில். 1780-களின் தொடக்கப் பட்டியல்கள் சிலவற்றில் அடிமைப்படுத்தப்பட்டவர்களின் பெயர்களும் எழுதப்பட்டிருக்கின்றன. பக்கிங்ஹாமில் 1782 முதல் 1786 வரை ஒவ்வோர் ஆண்டையும் அதற்காகவே புரட்டுங்கள். ஒரு பெயர் கிடைத்தாலும், நீங்கள் எழுதும் குடும்ப வரலாற்றில் தாமஸின் பெயருக்கு அருகில் அதே அளவு எழுத்தில் எழுதுங்கள்.

மாமியாரிடம் சொல்லுங்கள் என்பதே என் கருத்து. 78 வயதில் உண்மையைத் தேடச் சொன்னவர் அவர். நீங்கள் மறைத்தால் நாளை அவர் பேரன் இணையத்தில் அந்தப் பக்கத்தைத் திறப்பான். பட்டியலின் படத்தை அவர் முன் வைத்து, பத்தித் தலைப்பை வாசித்துக் காட்டிவிட்டு அமைதியாக இருங்கள். முதலில் மறுக்கலாம், அவசரப்படுத்தாதீர்கள்.

பணமும் டி.என்.ஏ. சோதனையும்

3,000 டாலரைக் கொடுக்காதீர்கள். குடும்பச் சின்னம் என்பது ஒரு தனி மனிதருக்கும் அவர் வாரிசுகளுக்கும் வழங்கப்பட்டது, ஒரு குடும்பப் பெயர் கொண்ட எல்லாருக்கும் உரியதல்ல. அதை விற்க முன்வருபவரின் மற்ற வேலையையும் நம்ப முடியாது. எரிந்த கவுண்டிகளில் பழக்கமுள்ள ஆய்வாளரை மணிக்கணக்கில், 'தாமஸா, ஜானா' என்ற ஒரே கேள்விக்கு மட்டும் அமர்த்திக்கொண்டால் இதில் சிறு பகுதியிலேயே முடியும். அதுவும் பட்டியல்களை நீங்களே வாசித்த பிறகு.

டி.என்.ஏ. சோதனைக்கு உங்கள் மகனைத் தயார்செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். மாமியாரே கொடுப்பது மேல். உங்கள் மகனைவிட அவர் வில்லியமுக்கு இரண்டு தலைமுறை நெருக்கம். தகப்பன் வழியாக மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோம் சோதனையை அவர் செய்ய முடியாது. வில்லியம் அவருடைய பிறந்த வீட்டு வழி என்பதால் அவர் சகோதரரோ சகோதரர் மகனோதான் கொடுக்க வேண்டும். பக்கிங்ஹாம் தாமஸின் ஆண்வழிச் சந்ததி என்று பதிவுகளால் நிறுவப்பட்ட ஒருவரோடு அது பொருந்தினால், இரு வீட்டுக்கும் ஒரே ஆண்வழி என்று தெரியும். ஆனால் ஜானும் தாமஸும் சகோதரர்களாக இருந்தால் இருவரின் ஒய் குரோமோசோமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், அங்கே பத்திரமும் பட்டியலும்தான் பேச வேண்டும். கொடுப்பவரின் முழுச் சம்மதம் பெறுங்கள். எதிர்பாராத உறவுகள் வெளிவரக்கூடும் என்று முன்பே சொல்லுங்கள். மரபணுத் தகவலை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் 2008 கூட்டரசுச் சட்டம் மருத்துவக் காப்பீட்டையும் வேலைவாய்ப்பையும் மட்டுமே காக்கிறது, ஆயுள் காப்பீடு அதில் அடங்காது.

இந்த வாரம் ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் எடுங்கள். 1782 முதல் 1800 வரை ஆண்டுக்கு ஒரு பக்கம். அந்தக் குடும்பப் பெயரில் வரும் எல்லாரையும், தேதி, ஆண்கள் எண்ணிக்கை, அடிமைப்படுத்தப்பட்டவர்கள், குதிரை, மாடு, ஏக்கர் என்று எதையும் விடாமல் பகர்த்தெழுதுங்கள். எழுத்துக்கூட்டு மாறியிருந்தால் மாறியபடியே எழுதுங்கள். எழுதி முடித்ததும் 1788, 1789 பக்கங்களின் நகலை எனக்கு அனுப்புங்கள், இருவரும் சேர்ந்து வாசிப்போம்.